கார் வராத ரோட்டுக்கு மலைதான் டிக்கெட்! - இங்கிலாந்து கிராமங்களில் ஒரு சைக்கிள் சுற்று

போன ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் ஷிஃப்ட்டில் இருந்தேன். மாலை நாலு மணி இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் என் பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெறும் 40 விநாடி. ஒரு குறுகலான தார் ரோடு, ஒரு பக்கம் மரங்கள், இன்னொரு பக்கம் ஏரி மாதிரி தண்ணீர். அவ்வளவுதான். முகம்கூடக் காட்டவில்லை.

"என்னக்கா, தெரியாம கை பட்டு வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"சவுண்ட வெச்சுப் பாருடா" என்று பதில் வந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். சைக்கிள் செயின் ஓடும் 'டிக் டிக்'. எங்கோ ஓர் ஆடு கத்துகிறது. வேறு எதுவும் இல்லை. ஹாரன் இல்லை, இன்ஜின் இல்லை, தூரத்தில் லாரி போகும் உறுமல்கூட இல்லை. சென்னையில் மவுன்ட் ரோட்டை ஒட்டி உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கு, ரோடு இருந்தும் சத்தம் இல்லாத அந்த 40 விநாடி கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. காலையிலேயே எடுத்த வீடியோவாம். மலைக்குள் சிக்னல் கிடையாது என்பதால் வீடு திரும்பும் வழியில் ரயிலில் இருந்து அனுப்பியிருக்கிறார்.

இதில் எனக்கு ஆச்சரியம் வேறு ஒரு விஷயத்தில்தான். அதற்கு ஒரு வருஷம் முன்பு இதே அக்கா "இனிமே சைக்கிளைத் தொடவே மாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

ஒரு சாண் தூரம்

அந்த ஊருக்குப் போன புதிதில் செகண்ட் ஹேண்டில் ஒரு சைக்கிள் வாங்கினார் அக்கா. லீவு நாளில் மலைப்பக்கம் போகலாம் என்று ஆசை. போன் ஆப்பில் இடத்தைப் போட்டார். அது சீக்கிரமாகப் போகிற வழியைக் காட்டியது. சீக்கிரமாகப் போகிற வழி என்றால் மெயின் ரோடுதானே? ஏற்றத்தில் மூச்சு வாங்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வேன் உரசுகிற மாதிரி கடந்து போனது. கை முட்டிக்கும் வேனுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்திருக்கும் என்கிறார். விழவில்லை. ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. மிச்ச தூரம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு எட்டு மாதம் அந்தச் சைக்கிள் வீட்டு வராந்தாவில் துணி காயப்போடத்தான் பயன்பட்டது.

அவரை மறுபடி சைக்கிளில் ஏற வைத்தது ஒரு பேப்பர் மேப். வார்டில் கூட வேலை பார்க்கும், ரிட்டயர்மென்ட்டை நெருங்கிய ஒரு சீனியர், தான் 40 வருஷமாக மடித்து மடித்துக் கிழிந்துபோன மேப்பைக் கொண்டுவந்து டீ டேபிளில் விரித்தாராம். "நீ போனது சிவப்பு ரோடு. போக வேண்டியது மஞ்சள் ரோடு" என்பதுதான் அவர் எடுத்த பாடத்தின் சாரம்.

அந்த மஞ்சள் ரோடுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பிள்ளைகள், வேலைக்குப் போன மகன், மகள், அவர்களைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகும் அப்பா, அம்மா என்று நம் வாசகர் வீடுகளிலும் யாராவது அங்கே இருப்பார்கள். அவர்களுக்கும் இதை ஃபார்வேர்டு செய்யலாம்.

குதிரை போன வழி

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. இங்கிலாந்து நெருக்கமான நாடு. கார் இல்லாத வீடு குறைவு. அங்கே எப்படிக் காலி ரோடு மிச்சம் இருக்கிறது?

பதில் மலையில் இருக்கிறது. அங்கே கிராமத்துக்குக் கிராமம் போகும் பழைய பாதைகள், ஆள் நடந்தும் பொதிக்குதிரை நடந்தும் உண்டானவை. குதிரைக்கு ஏற்றம் ஒரு பொருட்டில்லை. அதனால் பாதை மலையின் மேல் நேராக ஏறி நேராக இறங்கும். நம் ஊர் மலைப்பாதை மாதிரி ஹேர்பின் வளைவு போட்டுச் சுற்றிச் சுற்றி எல்லாம் போகாது. பிறகு 18-ம் நூற்றாண்டில் சுங்கம் வசூலிக்கும் கம்பெனிகள் குதிரை வண்டிகளுக்காகப் புது ரோடு போட்டன. வண்டி ஏற முடியாத செங்குத்தை விட்டு, பள்ளத்தாக்கோடு சாய்வு குறைவாகப் போட்டார்கள். பின்னாளில் கார் வந்தது, லாரி வந்தது. எல்லாம் அந்தச் சாய்வான ரோட்டிலேயே போயின. அதுதான் அகலமாகி, இன்றைக்கு 'ஏ ரோடு' என்று நம்பர் வாங்கியிருக்கிறது.

குதிரைப் பாதை என்ன ஆனது? தார் மட்டும் பூசிக்கொண்டு, அதே அகலத்தில், அதே செங்குத்தில் அங்கேயே கிடக்கிறது. பண்ணை வீட்டுக்குப் போகிற டிராக்டர், தபால் வேன், வழி தெரியாமல் வந்துவிட்ட ஒரு டூரிஸ்ட் கார், இவ்வளவுதான் அதன் போக்குவரத்து. அவசரமாகப் போகிற யாருக்கும் அது தேவையில்லை. ஆக, அந்த ரோட்டின் அமைதிக்கு நாம் கொடுக்கிற கட்டணம் தொடை வலி.

சொல்லப்போனால் இந்த ரோடுகளை முதலில் கேட்டு வாங்கியவர்களே சைக்கிள்காரர்கள்தான். 1878-ல் ஹாரோகேட் நகரத்தில் சைக்கிள் பயணிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆபத்தான இறக்கங்களின் உச்சியில் 'ஜாக்கிரதை' பலகைகளை அந்தச் சங்கமே தன் செலவில் நட்டது. 1886-ல் ரோடுகளைச் செப்பனிடச் சொல்லிக் கோரிக்கை வைக்கத் தனி அமைப்பே உருவாக்கினார்கள். அப்போது இங்கிலாந்து ரோட்டில் கார் என்ற ஒன்று ஓடவே இல்லை! அந்தப் பழைய சங்கம்தான் இன்று 'சைக்கிளிங் யுகே' என்ற பெயரில் இயங்குகிறது.

சைக்கிள் தொழிலுக்கும் பர்மிங்காம், நாட்டிங்காம் எல்லாம் தாய்வீடு. நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலஸ் பர்மிங்காமில் பிறந்த பெயர். 1949-ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியபோது கூட்டாளியாக இருந்ததும் அந்த ஊர் கம்பெனிதான்.

மேப்பில் அம்புக்குறியைத் தேடுங்கள்

அக்காவுக்கு சீனியர் கொடுத்தது 'ஆர்ட்னன்ஸ் சர்வே' மேப். 1791-ல், பிரான்ஸ் படையெடுத்து வரலாம் என்ற பயத்தில் ராணுவத்துக்காகத் தொடங்கிய நில அளவை அமைப்பு இது. இன்றைக்கு அதன் மேப்பை வைத்துக்கொண்டு மக்கள் பிக்னிக் போகிறார்கள். இதில் 'லேண்ட்ரேஞ்சர்' என்ற வரிசையில் 204 மேப்கள், பிரிட்டன் முழுவதையும் அடக்கிவிடும். மேப்பில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். போன் ஆப்பாகவும் கிடைக்கிறது, ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் பேப்பர்தான் துணை.

எப்படிப் பார்ப்பது? நிறம்தான் சூட்சுமம். நீலம் என்றால் மோட்டார்வே, சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. பச்சை, சிவப்பு என்றால் ஏ ரோடு. ஆரஞ்சு என்றால் பி ரோடு. மஞ்சள்தான் நமக்கு. அதிலும் இரண்டு வகை. தடித்த மஞ்சள் 4 மீட்டரைவிட அகலமானது. மெலிந்த மஞ்சள் 4 மீட்டருக்கும் குறைவு. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுத்தாக வேண்டிய அகலம். மெலிந்த மஞ்சளைப் பிடியுங்கள்.

அடுத்தது, அந்த மஞ்சள் கோட்டின் மேல் சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அம்பு இருந்தால் 14 முதல் 20 சதவீதம் சாய்வு. இரட்டை அம்பு இருந்தால் 20 சதவீதத்துக்கும் மேல். அதாவது ஐந்து மீட்டர் முன்னால் போவதற்குள் ஒரு மீட்டர் மேலே ஏறிவிடும். அம்பு காட்டுவது இறக்கத்தின் பக்கம். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் அதுவே ஏற்றம். புதிதாக ஓட்டுபவர்கள் இரட்டை அம்பைப் பார்த்தால் வேறு வழி தேடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள், 'ஆஹா, இங்கே கார் வராது' என்று சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் மஞ்சள் எல்லாம் நல்ல மஞ்சள் இல்லை. இரண்டு சிவப்பு ரோடுகளுக்கு நடுவே நேராக ஓடும் மஞ்சள் கோட்டைக் கண்டால் உஷாராகுங்கள். மேப்பில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெயின் ரோட்டில் டிராஃபிக் என்றதும் காரில் இருக்கும் ஜிபிஎஸ் அத்தனை பேரையும் அந்தக் குறுக்கு வழியில்தான் திருப்பிவிடும். ஆபீஸ் நேரத்தில் அது குட்டி மெயின் ரோடு. நல்ல மஞ்சள் கோடு கோணல் மாணலாக இருக்கும். எங்கும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்காது. நாலு வீடு உள்ள குக்கிராமத்தில் போய் நிற்கும், அல்லது மலை அடியில் அப்படியே முடிந்துவிடும். முட்டு ரோடு என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிளுக்கு அதைவிட நிம்மதி கிடையாது.

மெயின் ரோட்டைக் கடந்தே ஆக வேண்டிய இடங்களும் வரும். அங்கே மஞ்சள் கோடு சிவப்பை நேராக வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறதா, அல்லது கொஞ்ச தூரம் சிவப்பிலேயே போய்த் திரும்ப வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் வம்பு இருக்கிறது. (இதை எழுதுவதற்காக இரண்டு நாள் அந்த ஊர் மேப்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகாத ஊருக்கு வழி சொல்கிற அளவுக்கு எனக்கே பாதை மனப்பாடம்!)

தண்ணீருக்கு அடியில் ஒரு கிராமம்

அக்கா வீடியோ எடுத்த இடம் அப்பர் டெர்வென்ட் பள்ளத்தாக்கு. பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியின் உள்ளே இருக்கிறது. 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்த பீக் டிஸ்ட்ரிக்ட்தான். ஷெஃபீல்டு நகர எல்லையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ரயில் பாதையில் பாம்ஃபோர்டு என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, வடக்கே போக வேண்டும்.

இங்கே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள். மேலே ஹௌடன், நடுவில் டெர்வென்ட், கீழே லேடிபவர். முதல் இரண்டும் 1901-க்கும் 1916-க்கும் இடையில் கட்டியவை. கோட்டை மாதிரி கோபுரங்களோடு கருங்கல் அணைகள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன பிரிட்டிஷ் விமானப் படை, 1943-ல் இங்கேதான் தாழப் பறந்து பயிற்சி எடுத்தது. லேடிபவர் கட்டியபோது டெர்வென்ட், ஆஷாப்டன் என்ற இரண்டு கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. சர்ச் கோபுரம் மட்டும் கொஞ்ச காலம் தண்ணீருக்கு மேல் நின்றிருக்கிறது. 1947-ல் அதையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 2018, 2022 மாதிரி வறட்சி வருஷங்களில் தண்ணீர் வற்றும்போது வீடுகளின் அடித்தளம் வெளியே தெரியும். அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அப்படிப்பட்ட வாரங்களில் மட்டும் இங்கே அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் கார் பார்க்கிங், டீக்கடை, வாடகை சைக்கிள் நிலையம் எல்லாம் இருக்கின்றன. அதைத் தாண்டி, அணைகளின் மேற்குக் கரையோடு கிங்ஸ் ட்ரீ என்ற இடம் வரை போகும் ரோட்டில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பொதுமக்களின் கார்களை விடுவதில்லை. யோசித்துப் பாருங்கள், கூட்டம் வரும் நாளில்தான் காருக்குத் தடை! நம்மைப் போன்றவர்களுக்கு லீவு கிடைக்கிற அதே நாளில் ரோடு முழுக்கச் சைக்கிளுக்கு.

இந்த ரோடு ஏற்ற இறக்கம் குறைவானது, தண்ணீரோடு ஒட்டியே வளைந்து போகும். சிற்றோடை வந்து சேரும் இடங்களில் மட்டும் உள்ளே போய் வெளியே வரும். வழியில் மரங்களுக்கு நடுவே பிர்ச்சின்லீ என்ற ஊர் இருந்த இடம் வருகிறது. அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காகத் தகரத்தால் கட்டிய ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்ததாம். வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துவிட்டார்கள். கிங்ஸ் ட்ரீயில் தார் முடிந்துவிடும். அதற்கு மேல் கரடுமுரடான மண் தடம். கொஞ்ச தூரம் போனால் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய கல் பாலம். பொதிக்குதிரைகளுக்காகக் கட்டியது. மூழ்கிப்போன டெர்வென்ட் கிராமத்தில் இருந்த இந்தப் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்து வைத்திருந்து, 1959-ல் இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய டயர் சைக்கிள் என்றால் தார் முடியும் இடத்தோடு திரும்பிவிடுவது நல்லது.

மலையே மூடிய ரோடு

அங்கிருந்து அதிக தூரமில்லை, காஸில்டன் கிராமம். அதன் மேற்கே மாம் டோர் என்ற 517 மீட்டர் உயர மலை. 'நடுங்கும் மலை' என்று பட்டப்பெயர். காரணம், அது சரிந்துகொண்டே இருக்கிறது.

1819-ல் ஒரு சுங்கச் சாலைக் கம்பெனி, பக்கத்தில் இருக்கும் வின்னட்ஸ் கணவாயின் செங்குத்தைத் தவிர்க்க இந்த மலைச்சரிவில் புது ரோடு போட்டது. அதுவே பின்னால் ஏ ரோடாகி லாரிகளைச் சுமந்தது. மலை சரிய, ரோட்டைச் செப்பனிட, மறுபடி சரிய... 20-ம் நூற்றாண்டு முழுக்க இதே கதை. 1977-ல் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். 1979-ல் "போதும்" என்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்று அங்கே போனால் தார் ரோடு ஆள் உயரத்துக்குப் படிக்கட்டு மாதிரி உடைந்து தொங்குவதைப் பார்க்கலாம். நடுக்கோட்டு வெள்ளைப் பெயின்ட்கூட அங்கங்கே தெரிகிறது. அடுக்கடுக்காகப் பழைய தார் தெரிவதைப் பார்த்தால், எத்தனை முறை முயன்று தோற்றார்கள் என்று புரியும். சைக்கிளை இறங்கித் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

கார்கள் எங்கே போயின? பழைய வின்னட்ஸ் கணவாய்க்கே! 160 வருஷம் கழித்துக் குதிரைப் பாதையே ஜெயித்துவிட்டது. 20 சதவீதத்துக்கும் மேல் சாய்வு, இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். படத்தில் பார்த்தால் அப்படி ஓர் அழகு. ஆனால் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிளில் போய்விடாதீர்கள். முன்னாலும் காராக இருக்கும், பின்னாலும் காராக இருக்கும்.

ரயில் போய், சைக்கிள் வந்தது

ஏற்றம் வேண்டாம், ஆனால் மலை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1960-களில் பிரிட்டன் ஏராளமான கிளை ரயில் பாதைகளை மூடியது. ரயிலால் செங்குத்தில் ஏற முடியாது என்பதால் அந்தப் பாதைகள் எல்லாம் லேசான சாய்வில் மலையைக் குடைந்து, பள்ளத்தில் பாலம் கட்டிப் போனவை. தண்டவாளத்தை எடுத்த பிறகு அவை சைக்கிள் பாதைகளாயின. பீக் டிஸ்ட்ரிக்ட்டின் மான்சல் டிரெயில் அப்படி ஒன்று. 1968-ல் ரயில் நின்றது. நீளமான குகைப்பாதைகள் பல வருஷம் பூட்டியே கிடந்து, 2011-ல் விளக்கு போட்டுத் திறந்தார்கள். மேனிஃபோல்டு பள்ளத்தாக்கில் இருப்பது இன்னும் பழசு. அங்கே 1934-ல் ரயில் நின்று, 1937-லேயே நடைபாதை ஆகிவிட்டது. தாரும் போட்டிருக்கிறார்கள்.

நாடு முழுக்க இப்படிப் பாதைகளையும் அமைதியான ரோடுகளையும் கோத்து 'நேஷனல் சைக்கிள் நெட்வொர்க்' என்று நம்பர் பலகை வைத்தது, 1977-ல் பிரிஸ்டல் நகரத்தில் சைக்கிள் ஆர்வலர்கள் தொடங்கிய சஸ்ட்ரான்ஸ் அமைப்பு. 1995-ல் லாட்டரி நிதியிலிருந்து 4.25 கோடி பவுண்டு கிடைத்ததும் வேலை சூடு பிடித்தது.

அதைவிட முக்கியமானது 2020-ல் அவர்கள் செய்த காரியம். '12 வயதுக் குழந்தை தனியாக ஓட்டிப் போகலாமா?' என்று தங்கள் பாதைகளையே அளந்து பார்த்தார்கள். பல இடங்களில் 'கூடாது' என்பதுதான் பதில். போட்ட காலத்தில் அமைதியாக இருந்த ரோடுகளில் கார் பெருகிவிட்டது. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு தூரத்தை நெட்வொர்க்கிலிருந்து நீக்கவோ வகை மாற்றவோ முடிவெடுத்தார்கள். பெருமைக்காகக் கிலோமீட்டரைக் கூட்டிக் காட்டுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். குறைத்துச் சொன்னவர்களை எனக்குப் பிடித்துப்போனது. அதனால், பழைய பயண நூலில் நெட்வொர்க் நம்பர் பார்த்துக் கிளம்புகிறவர்கள் புது மேப்பை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

இன்னும் வடக்கே, இன்னும் தெற்கே

யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் பட்டர்டப்ஸ் கணவாய் ரொம்பப் பிரபலம். 2014-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாள் இந்த வழியாகத்தான் போனது. அந்தப் புகழே அதன் அமைதிக்கு எதிரி. ஞாயிறு என்றால் மோட்டார் பைக்குகள். அதை விட்டுவிட்டு செட்டில் - கார்லைல் ரயிலில் ஏறுங்கள். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைக் கடந்து டென்ட் ஸ்டேஷனில் இறங்கலாம். இங்கிலாந்தின் மெயின் லைன் ஸ்டேஷன்களில் இதுதான் மிக உயரத்தில் இருப்பது, 350 மீட்டர். ஸ்டேஷன் உச்சியில், ஊர் மைல்கணக்கில் தள்ளிக் கீழே. காலையில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஊரிலிருந்து தெற்கே கிங்ஸ்டேல் வழியாக இங்கிள்டன் பக்கம் போகும் ஒற்றை ரோட்டில், ஆடு தாண்டாமல் இருக்க ரோட்டுக்குக் குறுக்கேயே கதவு போட்டிருக்கிறார்கள். இறங்கி, திறந்து, மூடிவிட்டுப் போக வேண்டும். கார்காரருக்கு எரிச்சல், நமக்கு வரம்.

மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை போகும் 'கோஸ்ட் டு கோஸ்ட்' பாதை 1994-ல் திறந்தது, சுமார் 140 மைல். மூன்று நான்கு நாளில் முடிப்பார்கள். வழியில் ஹார்ட்சைடு உச்சி, 580 மீட்டர். அங்கே இருந்த புகழ்பெற்ற டீக்கடை 2018-ல் தீப்பிடித்து எரிந்துவிட்டது, ஆகவே அதை நம்பி ஏறாதீர்கள். லேக் டிஸ்ட்ரிக்ட்டின் ஹார்ட்நாட் கணவாய் 33 சதவீதச் சாய்வு. அதைப் பற்றி ஒரே வரி: முதல் வருஷத்தில் வேண்டாம்.

தெற்கே டெவன் வேறு மாதிரி. பல நூற்றாண்டுகளாகக் காலும் சக்கரமும் மழையும் அரித்து ரோடே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மண் கரை, அதன் மேல் செடிவேலி. உள்ளே போனால் பச்சைக் குகை. வெயில் தெரியாது, காற்று தெரியாது. எதிரே வருவதும் தெரியாது!

அமைதி வேறு, பாதுகாப்பு வேறு

அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அது நேர்மையாக இருக்காது. பிரிட்டனில் சாலை விபத்து மரணங்களில் பாதிக்கும் மேல் கிராமப்புற ரோடுகளில்தான் நடக்கின்றன. காரணங்களில் ஒன்றைக் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். வெள்ளை வட்டத்தில் சாய்வாகக் கறுப்புப் பட்டை போட்ட பலகை ஒன்று ஊர் எல்லை தாண்டியதும் வரும். ஒற்றை ரோட்டில் அதற்கு அர்த்தம், காருக்கு மணிக்கு 60 மைல் வரை அனுமதி. அதாவது 96 கிலோமீட்டர். வேறு பலகை வைக்காத வரை இரண்டு ஆள் அகலச் சந்துக்கும் அதே சட்டம்தான். பெரும்பாலோர் அந்த வேகத்தில் போக மாட்டார்கள். ஆனால் அந்த வழியிலேயே பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பையன் "இங்கே யார் வரப்போகிறார்கள்" என்று போவான்.

'அமைதிச் சந்து' என்று அறிவித்து, நடப்பவர், சைக்கிள், குதிரை எல்லோருக்கும் சமமான ரோடு என்று பலகை வைக்க 2000-ம் வருஷச் சட்டத்தில் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. கென்ட், நார்ஃபோக் பகுதிகளில் முன்னோடியாகச் செய்தும் பார்த்தார்கள். எல்லா ஊரிலும் பரவவில்லை. பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது ஓட்டுகிறவர் மனசைப் பொறுத்தது.

2022 ஜனவரியில் 'ஹைவே கோட்' என்ற சாலை விதிகள் திருத்தப்பட்டன. சைக்கிளை முந்தும் கார், 30 மைல் வேகத்துக்குள் இருந்தால்கூடக் குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். அக்காவின் ஒரு சாண் தூரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரமாக ஒட்டிப் போனால்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். குறுகலான ரோட்டில் அது தப்பு. ஓரத்தில் போனால் 'இடிக்காமல் நுழைந்துவிடலாம்' என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும். இடமில்லாத இடத்தில் நடுவே போய், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுவதுதான் முறை. அந்த விதியும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

அக்கா தன் அனுபவத்தில் சேர்த்துக்கொண்டவை சில. ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ரோட்டின் நடுவே புல்லும் சரளையும் இருக்கும், செடிவேலியை வெட்டிய முள் கிடக்கும், ஆடு குறுக்கே படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். கால்நடை தாண்டாமல் இருக்க ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்திருப்பார்கள். அதை நேராக, ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளுவது மேல். குதிரையில் யாராவது போனால் பின்னாலிருந்து பெல் அடிக்கக் கூடாது. "ஹலோ" என்று குரல் கொடுத்து, மெதுவாகத் தள்ளிப் போக வேண்டும். முதல் முறை இது தெரியாமல் பெல் அடித்து, குதிரை மிரண்டு, அந்த அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் வேண்டாம். அங்கே எல்லோரும் செய்கிறார்கள். சைக்கிள் வாங்கும்போதே பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் முட்டி தப்பிக்கும். ஜூனில் காலை ஐந்துக்கு முன்பே வெளிச்சம் வந்து இரவு ஒன்பதரை வரை இருக்கிறது. ஆகவே ஞாயிறு ஆறு மணிக்குக் கிளம்பி, ஊர் எழுந்து காரை எடுப்பதற்குள் பாதி வழி முடித்துவிடலாம். ஒரு ரெயின்கோட் எப்போதும் பையில் இருக்கட்டும்.

அந்த மூன்று மைல்

இப்போது அக்காவின் பையனுக்கு 11 வயது. வீடியோ பார்த்ததிலிருந்து "நானும் வரேம்மா" என்று நிற்கிறான். கார் வராத அந்த ஏரிக்கரை ரோட்டில் அவனைத் தாராளமாக விடலாம். பிரச்னை அங்கே போய்ச் சேருவதில் இருக்கிறது. பாம்ஃபோர்டு ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை ரோடு தொடங்கும் இடம் வரை சுமார் மூன்று மைல். அதில் பெரும்பகுதி ஏ ரோடு. கடைசியில் வரும் ஏ57, மலையைக் கடந்து மான்செஸ்டர் பக்கம் போகும் ரோடு. காரும் மோட்டார் பைக்கும் பறக்கும். அக்கா தனியாக என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுகிறார். பையனோடு போக மனசு வரவில்லை. அந்த 12 வயதுக் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த மூன்று மைல் ஃபெயில்.

போன வாரம் பேசும்போது "என்னக்கா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். வார்டு சீனியர் தன் காரில் இருவரையும் ஃபேர்ஹோம்ஸ் வரை கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். பையனுக்கு அங்கேயே வாடகை சைக்கிள். கார் இல்லாத ரோட்டுக்குப் போக ஒரு கார் வேண்டியிருக்கிறது.

"என்னடா பண்றது, அந்த மூணு மைலுக்கு மஞ்சள் ரோடு இல்லையே" என்றார் அக்கா. வரும் ஞாயிறு மழை இல்லை என்றால் கிளம்புகிறார்கள்.